பிப்ரவரியில் மட்டும் வரும் சளி

டாக்டர் பதில்கள்

தை பிறந்துவிட்டால் போதும், தென் பிரான்சிலிருந்து வரும் கடிதங்களில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். நான் பணிபுரியும் மோன்பெலியே நகரிலும் காத்திருப்பு அறை முழுக்கச் சிவந்த கண்கள்தான். ஆகவே இந்த இதழில் சைப்ரஸ் மரத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூட்டுவலிக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கடிதம்: நான் காரைக்கால்காரன். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்று, ஃப்ரெஜூஸ் நகரில் குடியிருக்கிறேன். வயது 61. சில ஆண்டுகளாக ஜனவரிக் கடைசியில் பிடிக்கும் சளி ஏப்ரல் வரை விடுவதில்லை. அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணில் மணல் விழுந்தாற்போல் அரிப்பு, இரவில் வறட்டு இருமல். காய்ச்சல் கிடையாது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் பயனில்லை. மனைவி நிலவேம்புக் கஷாயம் வைத்துத் தருகிறார், ஆவி பிடிக்கச் சொல்கிறார். எங்கள் வம்சத்தில் யாருக்கும் அலர்ஜி இருந்ததில்லை. இந்த வயதில் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ?

ஐயா, குளிர்தான் காரணம் என்றால் டிசம்பரிலேயே உங்களைப் படுக்கவைத்திருக்க வேண்டும். கண் அரிக்கிறது, காய்ச்சல் இல்லை, ஆண்டுதோறும் அதே பருவத்தில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வைரஸ் சளி காலண்டர் பார்த்து வருவதில்லை. வந்தாலும் பத்து நாளில் மூட்டை கட்டிவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்கிற சளி, அதிலும் வெயிலும் காற்றும் உள்ள நாளில் கூடி மழை நாளில் தணிகிற சளி என்றால், என் முதல் சந்தேகம் சைப்ரஸ் மரத்தின் மேல்தான் விழும்.

உயரமாய், ஒல்லியாய், கரும்பச்சையாய்க் கல்லறைத் தோட்டங்களிலும் பண்ணை ஓரங்களிலும் நிற்குமே, அதே மரம். தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதி விவசாயிகள் வடக்கிலிருந்து வீசும் மிஸ்த்ரால் காற்றைத் தடுக்க அதை வரிசை வரிசையாக நட்டார்கள். பின்னால் வில்லா கட்டியவர்கள் சீக்கிரம் வளரும் வேலி வேண்டுமென்று, சாம்பல் நீல இலை கொண்ட அரிசோனா சைப்ரஸையும் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். பெரும்பாலான மரங்கள் பூப்பதற்கு வசந்தம் வரட்டும் என்று காத்திருக்க, இந்தக் குடும்பம் நடுக்குளிரிலேயே மகரந்தத்தை அவிழ்த்துவிடுகிறது. பிப்ரவரியும் மார்ச்சும் உச்சம். சளிக் காய்ச்சல் பருவமும் அதுவே என்பதால், நோயாளியோடு சேர்ந்து மருத்துவரும் ஏமாறுகிறார். உங்களுக்கு ஆன்டிபயாடிக் எழுதப்பட்டது இந்தக் குழப்பத்தில்தான் இருக்கும்.

ஜனவரிக் கடைசியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஒரு கிளையின் நுனியை உற்றுப் பாருங்கள். சிறு கிளை முனைகளில் அரிசி மணியைவிடச் சிறிய, மஞ்சளும் பழுப்புமான ஒரு மொக்கு இருக்கும். அது ஆண் கூம்பு. கிளையை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் மஞ்சள் புகை கிளம்பும். அந்தப் புகையில் உள்ள ஒரு துகளின் குறுக்களவு 20 முதல் 30 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உலர்ந்திருக்கும்வரை சாது. ஈரம் பட்டதும் துகள் உள்ளே ஊதி, வெளி ஓடு வெடித்துக் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் புரதம் வெளியே வரும். அந்த ஈரம் உங்கள் கண்ணிலும் மூக்கின் உள்தோலிலும் இருக்கிறது.

வம்சத்தில் இல்லையே என்கிறீர்கள். இந்த ஒவ்வாமையின் விசேஷமே அதுதான். குடும்பத்தில் ஆஸ்துமாவோ கரப்பானோ இல்லாதவர்களையும், வேறு எந்த மகரந்தத்துக்கும் அசைந்து கொடுக்காதவர்களையும், நடுவயது தாண்டியபிறகு இது பிடிப்பதுண்டு. பல ஆண்டுகள் அதே காற்றைச் சுவாசித்த பிறகுதான் உடல் எதிர்க்கத் தொடங்கும். புதிதாக வந்து இறங்கியவர் "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று மார்தட்டுவதைப் பார்க்கும்போது நான் சிரித்துக்கொள்வேன்.

சந்தேகத்தை உறுதி செய்ய, முன்கையில் மகரந்தச் சாறு ஒரு துளி வைத்து ஊசி நுனியால் லேசாகக் குத்தும் தோல் பரிசோதனை போதும். கால் மணி நேரத்தில் கொசு கடித்தாற்போல் தடித்தால் விடை கிடைத்துவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அலர்ஜி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை நிறுத்த வேண்டியதில்லை.

இனி வைத்தியம். முதல் மருந்து அந்த ஸ்ப்ரேதான். மொமெட்டசோன், ஃப்ளூட்டிக்கசோன், புடெசொனைடு என்று பல பெயர்களில் இருக்கிறது. ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதீர்கள், மூக்கில் அடிக்கும் அளவில் உடலுக்குள் போவது மிகக் குறைவு. இது உடனே கேட்காது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆகையால் கண் அரித்தபிறகு வாங்குவதைவிட, உங்கள் ஊரில் ஜனவரிப் பொங்கலன்றே தொடங்கி, ஏப்ரல் நடுவரை ஒரு நாளும் விடாமல் அடியுங்கள். அடிக்கும் முறையும் முக்கியம். தலையைச் சற்றுக் குனிந்து, இடது மூக்குத் துளைக்கு வலது கையால், குழாய் முனை காதுப் பக்கம் பார்க்கும்படி பிடித்து அடிக்க வேண்டும். நடுத் தண்டின் மேல் அடித்தால் ரத்தம் கசியும். அடித்த கையோடு பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். என் நோயாளிகளில் பலரும் இதைத்தான் செய்கிறார்கள், பிறகு மருந்து சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

அரிப்பும் தும்மலும் மிஞ்சினால் செட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்சோபெனடின் போன்ற மாத்திரை ஒன்று. கண்ணுக்கு ஒலோபட்டடின் சொட்டு. ஊரிலிருந்து உறவினர் கொண்டுவரும் தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் வேண்டாம். கார் ஓட்டினால் ஆபத்து.

நிலவேம்பு காய்ச்சலுக்குக் கொடுப்பது. உங்களுக்குக் காய்ச்சலே இல்லை. உங்கள் மனைவியின் மனம் நோகாமல் இதைச் சொல்வது உங்கள் சாமர்த்தியம். ஆவி பிடித்தால் சற்று நேரம் இதமாக இருக்கும், மகரந்தத்தை ஒன்றும் செய்யாது. அதற்குப் பதில் உப்பு நீரால் மூக்கைக் கழுவுங்கள்: கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. வெளியே போய் வந்ததும் செய்தால், ஒட்டியிருக்கும் பொடி அப்படியே வெளியேறும்.

அந்த இரவு இருமலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நெஞ்சில் விசில் சத்தமோ, மாடி ஏறும்போது இறுக்கமோ இருந்தால் ஆஸ்துமாவின் தொடக்கமாக இருக்கலாம். மூச்சை ஊதி அளக்கும் பரிசோதனையை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள்.

எக்ஸான்புரோவான்ஸ் நகரில் படிக்கிறேன், வயது 22. குளிர்காலத்தில் எனக்கு சைப்ரஸ் ஒவ்வாமை உண்டு. போன ஜூலையில் ஒரு பீச் பழம் சாப்பிட்டுவிட்டு ஓடப் போனேன். அரை மணி நேரத்தில் இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை, தொண்டை இறுகியது. கோடையில் மகரந்தம் இல்லையே? பழத்தில் அடித்த பூச்சிமருந்தாக இருக்குமோ?

இந்த வாரக் கடிதங்களில் நான் எழுந்து உட்கார்ந்து படித்தது இதுதான். பூச்சிமருந்தின் மேல் பழி போடாதே, மகளே. சைப்ரஸ் மகரந்தத்தில் ஒரு சிறு புரதம் இருக்கிறது. அதன் உடன்பிறப்பு பீச் பழத்திலும் இருக்கிறது. பீச்சில் உள்ளதற்குப் பீமக்ளீன் என்று பெயர். 2013-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அதை ஒவ்வாமைப் பொருளாக விவரித்தார்கள். குளிர்காலத்தில் மரத்தின் புரதத்தை எதிர்க்கப் பழகிய உடல், கோடையில் பழத்தைப் பார்த்ததும் அதே ஆள் வந்துவிட்டான் என்று பாய்கிறது. சைப்ரஸ் நிறைந்த தென் பிரான்சில் கடுமையான பீச் ஒவ்வாமைக்கு இந்தப் புரதம் ஒரு முக்கியக் காரணம். ஆரஞ்சு போன்ற எலுமிச்சைக் குடும்பப் பழங்களும் சிலருக்கு இதே வேலையைக் காட்டும்.

ஆப்பிள் கடித்ததும் வாய் நமநமக்கும் ஒரு சாதாரண மகரந்த ஒவ்வாமை வேறு இருக்கிறது. அதில் பழத்தை வேகவைத்தால் தொல்லை தீர்ந்துவிடும். இது அந்த ரகம் அல்ல. இந்தப் புரதம் சூட்டுக்கும் செரிமான அமிலத்துக்கும் எளிதில் மசியாது. ஆகவே பீச் ஜாம், டின் பழம், பழச்சாறு எதையும் "வெந்ததுதானே" என்று தொடாதே. இமை வீக்கமும் தொண்டை இறுக்கமும் இதன் அடையாளங்கள். ஓட்டம், மது, ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ஆகியவை எதிர்வினையைக் கூட்டும். அதற்கு முன்பு அதே பழத்தைச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால், அப்போது நீ ஓடாமல் இருந்திருக்கலாம்.

ஒவ்வாமை நிபுணரைப் பார்த்து, இந்தப் புரதத்தைத் தனியாகத் தேடும் ரத்தப் பரிசோதனையைக் கேள். பீச் சாறு வைத்துச் செய்யும் தோல் பரிசோதனையில் மட்டும் இது தப்பிப்போக வாய்ப்பு உண்டு. கடும் எதிர்வினை வந்தால் நீயே உடனே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் ஊசிப் பேனா உனக்குத் தேவையா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். தேவை என்றால் அது பையில் இருக்க வேண்டும், அறை அலமாரியில் அல்ல. மறுபடி தொண்டை இறுகினால் தோழிக்குப் போன் செய்து யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் பிரான்சின் அவசர மருத்துவ உதவி எண்ணான 15-ஐ அழை.

துலோன் அருகே வாடகை வீடு. எங்கள் வேலி சைப்ரஸ், பக்கத்து வீட்டு வேலியும் அதுதான். மூன்று வயது மகனுக்குக் கண் சிவந்து நீர் வடிகிறது. வேலியை இப்போதே வெட்டிவிடலாமா? பக்கத்து வீட்டுக்காரரை வெட்டச் சொல்ல உரிமை உண்டா?

இப்போது கத்தரிக்கோலை எடுத்தால் மொத்த மஞ்சள் பொடியையும் உங்கள் வாசலிலேயே கொட்டிக்கொள்வீர்கள். வெட்டும் காலம் இலையுதிர் பருவம். செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள், ஆண் கூம்புகள் பழுக்கும் முன். நுனிகளை அப்போது நறுக்கிவிட்டால், வரும் பிப்ரவரியில் அந்த வேலி விடும் மகரந்தம் கணிசமாகக் குறையும். வெட்டுபவர் முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளட்டும், வெட்டிய கிளைகளைத் தோட்ட மூலையில் குவித்து வைக்க வேண்டாம்.

மகரந்தம் மோசம் செய்கிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டு மரத்தை வெட்டச் சொல்லும் சட்டம் பிரான்சில் இல்லை. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கும் மரம் இரண்டு மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்ற பொது விதி உண்டு. உங்கள் பக்கம் நீளும் கிளைகளை வெட்டச் சொல்லிக் கேட்கவும் முடியும். ஆனால் சட்டப் புத்தகத்தோடு போவதைவிட ஒரு தட்டு வடையோடு போனால் காரியம் நடக்கும் என்பது என் அபிப்பிராயம். அவர் மூக்கும் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; இருந்தால் பேச்சு சுலபம்.

வீட்டுக்காரர் சம்மதித்து வேலியையே மாற்றுவதானால், தூஜாவும் ஜூனிப்பரும் வேண்டாம். அவை இதே குடும்பம், ஒன்றுக்கு ஆகாதவருக்கு மற்றதும் ஆகாது. பூச்சிகளை நம்பிப் பூக்கும் செடி எதுவானாலும் சரி: பிட்டோஸ்போரம் வைக்கலாம், மாதுளை வைக்கலாம். நம் அரளியும் அங்கே வேலியாக எங்கும் நிற்கிறது, ஆனால் அது நஞ்சு. மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். இதையெல்லாம் செய்தாலும் காற்றில் பல கிலோமீட்டர் பறந்து வரும் பொடி இருக்கத்தான் செய்யும். உங்கள் வேலி போனால் வாசலிலேயே கிடைக்கும் பெரிய டோஸ் குறையும், அவ்வளவே.

அதுவரை வீட்டுக்குள் சில பழக்கங்கள். மிஸ்த்ரால் வீசும் நாளில் துணியை வெளியே கொடியில் உலர்த்தாதீர்கள். தலையணை உறையை ஒருபோதும் வேண்டாம். ஜன்னலைத் திறப்பதானால் மகரந்தம் குறைந்திருக்கும் அதிகாலையில் பத்து நிமிடம் போதும். பிள்ளைக்குக் காலையில் தலைக்கு ஊற்றுவதை மாலைக்கு மாற்றுங்கள். நாள் முழுதும் முடியில் சேர்ந்த பொடியோடு தூங்கினால் இரவெல்லாம் கண்ணைத் தேய்ப்பான். மருந்தைக் குழந்தை மருத்துவர் எழுதட்டும். வயதுக்கேற்ற அளவு வேறு.

மூக்கடைப்புக்கு ஊரிலிருந்து வாங்கிவந்த சொட்டு மருந்து போடுகிறேன். அற்புதமாகக் கேட்கிறது. ஆனால் இப்போது அது இல்லாமல் தூக்கமே வரவில்லை. மார்செய் வாசகர்.

அற்புதமாகக் கேட்கும், அதுதான் அதன் ஆபத்து. சைலோமெட்டசோலின் வகைச் சொட்டு கந்துவட்டிக்காரர் மாதிரி: கேட்ட உடனே கொடுப்பார், பிறகு வட்டியோடு பிடுங்குவார். ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கைத் திறந்துவிடும். மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் அதைத் தொடக் கூடாது. நிறுத்துவதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை இரண்டு துளைக்கும் தொடங்குங்கள். சொட்டை ஒரு துளைக்கு மட்டும் நிறுத்துங்கள். அது திறந்துகொண்டதும் மறு துளைக்கும் நிறுத்துங்கள். நடுவில் சில இரவுகள் கடினமாகத்தான் இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர் என்றால் இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

டோக்கியோவில் மென்பொருள் பணி. எனக்கு ஸுகி, ஹினோகி இரண்டும் ஆகவில்லை. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பற்றிச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

ஹினோகி ஜப்பானிய சைப்ரஸ், ஸுகி அதன் குடும்பத்துப் பங்காளி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் மரத்தேவைக்காக இரண்டையும் மலை மலையாக நட்டார்கள். 2019-இல் எடுத்த தேசிய ஆய்வில் ஸுகி ஒவ்வாமை மட்டும் 38.8 சதவீதம் பேரிடம் இருந்தது. அலுவலகத்தில் நீங்கள் தனியாள் இல்லை. பிப்ரவரியில் ஸுகி தொடங்கும், அது ஓயும்போது ஹினோகி பிடித்துக்கொண்டு மே தொடக்கம் வரை இழுக்கும்.

நீங்கள் கேட்கும் மாத்திரை ஸுகிக்கானது. அறிகுறியை அடக்குவதோடு நிற்காமல், உடலையே மகரந்தத்துக்குப் பழக்கும் சிகிச்சை அது. தினமும் நாக்கடியில் வைத்துக் கரையவிட வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டு. மகரந்தம் பறக்கும் பருவத்தில் தொடங்க மாட்டார்கள். ஜூன் முதல் ஆண்டுக் கடைசிக்குள் தொடங்கினால் அடுத்த பருவத்திலேயே வித்தியாசம் தெரியக்கூடும். ஹினோகிக்கு அதன் பலன் ஆளுக்கு ஆள் மாறும், முழு நம்பிக்கை வைக்காதீர்கள். மூன்று ஆண்டு ஜப்பானில் இருக்கப் போகிறீர்களா, ஆறு மாதத்தில் வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவார்களா என்பதை முதலில் மேலாளரிடம் கேளுங்கள். பிரான்ஸ் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: சைப்ரஸுக்கு நாக்கடியில் விடும் துளி மருந்து இங்கே உண்டு, அதே பொறுமையும் அதே மூன்று ஆண்டும் வேண்டும்.

ஐந்தாம் மாதம் கர்ப்பமாக இருக்கிறேன். தும்மித் தும்மி வயிறு வலிக்கிறது. எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டேன். நீஸ் வாசகி.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னது யார் அம்மா? உப்பு நீர்க் கழுவல், புடெசொனைடு ஸ்ப்ரே, தேவைப்பட்டால் செட்டிரிசின் அல்லது லோராட்டடின்: இவை கர்ப்பக் காலத்தில் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளவை. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்துமா மருந்தை மட்டும் ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தாய்க்கு மூச்சுத் திணறினால் பிள்ளைக்கும் பிராணவாயு குறையும். மாத்திரையோ துளியோ ஊசியோ, உடலைப் பழக்கும் சிகிச்சையைக் கர்ப்பத்தில் புதிதாகத் தொடங்கக் கூடாது.

ஊட்டியில் எங்கள் வீட்டைச் சுற்றி சைப்ரஸ் மரங்கள். வருடம் முழுக்க எனக்குத் தும்மல், காலையில் அதிகம். மரங்களை வெட்டிவிடட்டுமா?

வருடம் முழுக்க என்று நீங்கள் எழுதியதே மரத்துக்குச் சாதகமான சாட்சி. மகரந்தம் பருவத்துக்கு மட்டும் வரும். ஈரம் காயாத மலை வீட்டில், சுவர்ப் பூஞ்சையையும் கம்பளி மெத்தையையும் முதலில் சந்தேகியுங்கள். கோயம்புத்தூரில் தோல் பரிசோதனை செய்துகொண்டு, அதில் சைப்ரஸ் வந்தால் கோடாலியைப் பற்றிப் பேசுவோம்.

பென்ஷன்காரன் நான். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் புதுச்சேரிக்குப் போய்விட்டால் மருந்தே வேண்டாம் அல்லவா? அவிஞோன் வாசகர்.

என்னால் எழுதித்தர முடியாத நல்ல மருந்து அது. வசதி இருந்தால் தாராளமாகப் போய்வாருங்கள். கடற்கரை வீதியில் நடக்கும்போது உங்கள் மூக்கு உங்களுக்கு நன்றி சொல்லும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஜனவரிக் கடைசியிலேயே கிளம்ப வேண்டும். பிப்ரவரி நடுவில் கிளம்பினால் வீங்கிய மூக்கோடு விமானம் ஏறி, இறங்கும்போது காதுவலியில் துடிப்பீர்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் திரும்பினால் கடைசி மகரந்தம் உங்களுக்காகக் காத்திருக்கும். நடு ஏப்ரல் தாண்டி டிக்கெட் போடுங்கள். மே மாதத்திலும் தும்மல் தொடர்ந்தால் அது சைப்ரஸ் அல்ல, ஆலிவ் மரமோ புல்லோ. அதற்கு மறுபடி ஒரு தோல் பரிசோதனை தேவைப்படும், புதுச்சேரி டிக்கெட் உதவாது.